மஞ்சள் பையைக் கட்டுவதற்கு முன்

வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள தனியார் பிரசவ மருத்துவமனைகளில் செவிலியராகவே என் பணிக்காலம் கழிந்தது. கருக்கலைப்புக்காகவோ, தானாகக் கலைந்த கருவைச் சுத்தம் செய்துகொள்வதற்காகவோ வந்த பெண்களில் பலர், எல்லாம் முடிந்து படுக்கைக்கு மாற்றப்பட்ட பிறகு, கூட வந்தவர்கள் காப்பி வாங்கப் போயிருக்கும் நேரம் பார்த்து என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "சிஸ்டர், அத என்ன பண்ணுவீங்க?" அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. ஆனால் அது கேட்கப்படும் நேரத்தில் விடையைத் தெரிந்துகொள்ளத்தான் முடியுமே தவிர, பெரும்பாலும் மாற்ற முடியாது. முன்பே தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்போம் என்று சொன்ன குடும்பங்களை மனத்தில் வைத்து, வெளியே எடுத்த கருவை என்ன செய்வது என்பதில் சட்டம் என்ன சொல்கிறது, வார்டில் உண்மையில் என்ன நடக்கிறது, எதை எப்போது கேட்க வேண்டும் என்பவற்றை எழுதுகிறேன்.

கருக்கலைப்பை அனுமதிப்பது 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். யார் செய்யலாம், எங்கே செய்யலாம், எத்தனை வாரம் வரை செய்யலாம் என்றெல்லாம் விரிவாகச் சொல்லும் அந்தச் சட்டம், வெளியே எடுக்கப்பட்ட கருவை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. அதைப் பேசுவது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. அதன் முதல் அட்டவணையில் மஞ்சள் வகையின் (மஞ்சள் நிறப் பையில் போட வேண்டிய கழிவுகளின்) தொடக்கத்திலேயே மனித உடற்கூறுக் கழிவு வருகிறது: மனிதத் திசுக்கள், உறுப்புகள், உடற்பாகங்கள், அவற்றோடு கருப்பைக்கு வெளியே உயிர் பிழைக்கும் காலத்தை எட்டாத கரு. இப்படிப்பட்ட இறந்த கருவை உடற்கூறுக் கழிவாகக் கருதலாம் என்றும், மகப்பேறு மருத்துவரோ மருத்துவக் கண்காணிப்பாளரோ தரும் கருக்கலைப்புச் சான்றின் நகலுடன் மஞ்சள் பையில், பல மருத்துவமனைகளின் கழிவைச் சேகரித்து அகற்றும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அட்டவணையின் குறிப்பு ஒன்று கூறுகிறது. வெட்டி எடுத்த குடல்வாலும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் போகும் அதே நிறப் பை என்பதை முதன்முதலாகக் கேட்கும் குடும்பத்தினர் அதிர்ந்து போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடைமுறை இப்படித்தான் இருக்கும். லேபர் வார்டில் ட்ரேயில் விழுவதை மருத்துவர் முதலில் பரிசோதிப்பார். முழுமையாக வந்துவிட்டதா, உள்ளே ஏதேனும் தங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக இது அவசியம். பிறகு அது நஞ்சுக்கொடியோடு சேர்த்து மஞ்சள் பையில் இடப்பட்டு, வாய் கட்டப்பட்டு, பார்கோடு ஒட்டப்பட்டு, எடை குறிக்கப்பட்டு, கழிவு வைக்கும் தனி அறைக்குப் போகும். சுத்திகரிக்கப்படாத உடற்கூறுக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. தவிர்க்க முடியாமல் வைக்க நேர்ந்தால் காரணத்தைச் சொல்லி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் மாநிலத்தில் அந்த அதிகாரம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. 75 கிலோமீட்டர் தொலைவுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும்போது எந்த மருத்துவமனையும் தன் வளாகத்தில் தனியாக எரியுலை வைத்துக்கொள்ள முடியாது. ஆகையால் வடசென்னையில் சேரும் பைகள் மூடிய வாகனத்தில் ஏறி, நகரத்தைத் தாண்டித் தெற்கே செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் பக்கம் உள்ள நிலையங்களுக்குப் போய், முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி செல்சியசும் இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1050 டிகிரியும் சூடு இருக்க வேண்டிய இரட்டை அறை உலையில் எரிக்கப்படுகின்றன. பல மருத்துவமனைகளின் பைகள் ஒன்றாகவே எரியும் என்பதால், சாம்பல் கேட்டு வருபவர்களுக்குக் கொடுப்பதற்கு எதுவும் இருக்காது.

பொதுச் சுகாதாரத்துக்கான விதி என்ற அளவில் இதில் எனக்குக் குறை இல்லை. 1998-இல் முதன்முதலாக உயிரி மருத்துவக் கழிவுக்கென்று விதிகள் வருவதற்கு முன்பு, மருத்துவமனையின் பின்புறத்தில் குழி வெட்டிப் புதைப்பது சாதாரண வழக்கமாக இருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் நம் பகுதியில், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும் தெருக்களில், அப்படிப் புதைப்பதால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இப்போதைய விதிகளில் ஆழப் புதைப்பு என்ற முறை இருக்கிறதுதான். ஆனால் இரண்டு மீட்டர் ஆழக் குழி, பாதி நிரம்பியதும் சுண்ணாம்பு, அதன் மேல் மண் என்று அளவு சொல்லப்பட்ட அந்த முறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை எட்டாத கிராமங்களுக்கும் ஒதுக்குப்புறங்களுக்கும் மட்டும், அதுவும் முன் அனுமதியோடு, உரியது. சென்னையில் எந்த மருத்துவமனையும் தன் இடத்தில் புதைத்துவிட்டோம் என்று சொன்னால் அது விதிமீறல்.

என் குறை வேறு. கழிவை எப்படிக் கட்டுவது, எதில் ஏற்றுவது, எத்தனை டிகிரியில் எரிப்பது என்று இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் விதி, அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கருக்கலைப்புக்கு அவர் கையெழுத்திடும் 'சி' படிவத்தில் கருவைக் கலைப்பதற்கான சம்மதம் மட்டுமே இருக்கிறது; அதன் பிறகு என்ன என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பெரும்பாலான இடங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் பெண்களும் அது கேட்கக்கூடாத விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாக் கருக்கலைப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் சில வாரங்களில் கலையும்போது வெளியே வருவது இரத்தக் கட்டிகளும் மெல்லிய திசுவும்தான். கைகால்களோடு ஒரு குழந்தையைக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று கற்பனை செய்துகொண்டு மாதக்கணக்கில் தூங்காமல் இருந்த பெண்களிடம், இரண்டு மாதக் கருவில் கையில் எடுத்துக் கொடுக்கும்படியான உருவம் இருந்திருக்காது என்ற உண்மையை மெதுவாகச் சொல்லியபோது அவர்களுடைய முகம் தெளிந்ததைக் கண்டிருக்கிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்து 9 வாரத்துக்குள் வீட்டில் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும் இது பொருந்தும்: மாதவிடாய்ப் பஞ்சை எப்படித் தாளில் சுற்றித் தனியாகக் கொடுப்போமோ அப்படியே செய்தால் போதும். ஆனால் 9 வாரம் தாண்டியவர்கள் கடையில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, எதிர்பாராத அளவில் இரத்தப்போக்கோடும் உருவம் தெரிகிற கருவோடும் திகைத்து நிற்பதும் நடக்கிறது. அப்படி நேர்ந்தால் வெளியே வந்ததைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். முழுமையாகக் கலைந்துவிட்டதா என்று பார்க்க அது மருத்துவருக்கு உதவும். அதன் பிறகு அதை அகற்றும் பொறுப்பு மருத்துவமனையுடையது. உங்களுடைய தலையில் இல்லை.

சிக்கல் எல்லாம் நான்கு மாதத்துக்கு மேல்தான். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டையோடு வளரவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று தெரிந்து, காசிமேட்டிலிருந்து ஒரு மீனவக் குடும்பம் எங்களிடம் வந்தது. கருவின் குறைபாடு உயிருக்கு ஒவ்வாதது என்றால் 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கருக்கலைப்பு செய்ய 2021-இல் வந்த திருத்தம் இடம் தருகிறது. மறுநாள் மாத்திரை வைப்பதாக இருந்தபோது, முதல் நாள் மாலையே அந்தப் பெண்ணின் மாமியார் என்னிடம் வந்தார். "அஞ்சு மாசம் சொமந்த புள்ளைய பையில போட்டு லாரில ஏத்துவீங்களாமே. எங்க கையில குடுத்துடுங்க சிஸ்டர், நாங்க பால் ஊத்திப் பொதச்சுக்கிறோம்" என்றார். இந்துக் குடும்பங்களில் பச்சிளம் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் அவர் கேட்டார். நான் நேராகப் பெண்ணிடம் போய், "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று தனியாகக் கேட்டேன். அவரும் அதையே விரும்பினார். தான் பார்க்கவில்லை, கணவர் மட்டும் பார்த்தால் போதும் என்றும் சொன்னார்.

அதன் பிறகு நடந்த பேச்சு எளிதாக இருக்கவில்லை. கொடுத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு என்ன கணக்குச் சொல்வது என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். அது நியாயமான கவலைதான், ஏனென்றால் குடும்பத்திடம் ஒப்படைக்கலாம் என்று விதியில் எங்கும் எழுதப்படவில்லை. மருத்துவர் பொறுமையாக அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, கழிவாகக் கருதலாம் என்றுதான் குறிப்பு சொல்கிறது, பெற்றவர்கள் அடக்கம் செய்யக் கேட்டால் மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை என்று வாதிட்டார். கடைசியில் அந்தப் பெண் தன் கைப்பட ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட இடுகாட்டில்தான் அடக்கம் செய்வோம் என்று கணவர் உறுதிமொழி தர வேண்டும், இரண்டின் நகலும் மருத்துவமனைக் கோப்பில் இருக்க வேண்டும் என்று முடிவானது. மருத்துவமனையின் கடிதத்தாளில், எத்தனை வாரக் கரு, எந்தத் தேதியில், மருத்துவக் காரணத்துக்காகச் சட்டப்படி கலைக்கப்பட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குப் போனார்கள். கடிதத்தைப் பார்த்த பிறகு அங்கே யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை என்று அந்தக் கணவர் பிறகு வந்து சொன்னார்.

இதே கோரிக்கையோடு வேறொரு மருத்துவமனைக்கு மறுநாள் காலையில் போன இன்னொரு குடும்பத்தையும் நான் அறிவேன். வாகனம் அதிகாலையிலேயே வந்து பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. எந்தப் பை என்று கேட்டார்கள். அதற்கு விடை சொல்ல யாராலும் முடியவில்லை. அங்கே யாரும் விதியை மீறவில்லை. 48 மணி நேரம் என்பது மருத்துவமனை வைத்திருக்கக்கூடிய உச்ச வரம்பே தவிர, குடும்பத்துக்குத் தரப்பட்ட அவகாசம் அல்ல. ஒரு மணி நேரத்தில் வண்டி வந்தாலும் பை போய்விடும். ஆகவே கருவைக் கேட்கப்போகிறீர்கள் என்றால் மாத்திரை வைப்பதற்கு முன், டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன், எழுத்தில் கேளுங்கள். வார்டுப் பொறுப்பு சிஸ்டரிடம் வாயால் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் இரவு ஷிப்ட்டில் ஆள் மாறும். அரசு மருத்துவமனையாக இருந்தால் நிலைய மருத்துவ அலுவலரிடமும், தனியார் மருத்துவமனையாக இருந்தால் சிகிச்சை செய்யும் மருத்துவரிடமும் கடிதத்தைக் கொடுத்து, கேஸ் ஷீட்டிலேயே அதைக் குறிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அது விதியை மீறிய செயல் ஆகாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் சண்டையை விட, மாத்திரை தொடங்குவதற்கு முன்பே வேறு மருத்துவமனையைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

இராயபுரத்திலிருந்தும் மண்ணடியிலிருந்தும் வரும் இஸ்லாமியக் குடும்பங்கள் நான்கு மாதம் கடந்த கருவைத் துணியில் சுற்றி அடக்கம் செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய ஜமாத்தில் விவரம் தெரிந்த பெரியவர் இருப்பதால் இடமும் உடனே ஏற்பாடாகிவிடும். கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குத் தந்தையிடம் பேசிவிட்டுக் காசிமேடு கல்லறைத் தோட்டத்தை நாடுவார்கள். இந்துக் குடும்பங்களில்தான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நேரம் கடந்துவிடுவதை அதிகம் பார்த்தேன். எந்த இடமாக இருந்தாலும் மருத்துவமனைக் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

கடிதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அந்தக் கருவுக்கு வேறு எந்தத் தாளும் கிடைக்காது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி கருவில் 28 வாரம் நிறைந்து இறந்து பிறந்தால்தான் அது 'இறந்து பிறத்தல்' என்று பதிவாகும். மருத்துவமனையே 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைந்த வாரங்களுக்குப் பதிவே கிடையாது. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமோ 20 வாரம், 24 வாரம் என்ற எல்லைகளை வைத்திருக்கிறது. 24-க்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் அனுமதியோடு செய்யலாம். கழிவு விதிகள் உயிர் பிழைக்கும் காலம் எது என்பதற்கு இந்தச் சட்டத்தைக் கைகாட்டுகின்றன, ஆனால் இந்தச் சட்டம் அப்படி ஒரு காலத்தை எங்கும் வரையறுக்கவில்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 26-ஆம் வாரம் வரை கலைவதைத்தான் கருச்சிதைவு என்றது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 24, 26, 28 என்ற இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மருத்துவக் குழுவின் அனுமதியோடு 27-ஆம் வாரத்தில் கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண் ஏறத்தாழ முழுப் பிரசவத்தின் வலியையும் அனுபவித்து, உருவம் முழுமையடைந்த ஒரு குழந்தையைப் பெறுகிறார், கழிவு விதியில் அது கழிவா இல்லையா என்பது தெளிவில்லை, பதிவுச் சட்டத்தில் அது பிறப்பும் இல்லை இறப்பும் இல்லை. சட்டம் எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததன் சுமையை அந்தத் தாய் சுமக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. 24 வாரத்தைத் தாண்டியதை எங்கள் மருத்துவர் ஒருபோதும் மஞ்சள் பையில் போட விட்டதில்லை; உடலாகவே நடத்தி, துணியில் சுற்றிக் குடும்பத்திடம் கொடுப்பார்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதே இடத்தில் இன்னொன்று. கருச்சிதைவுக்கும் சட்டப்படியான கருக்கலைப்புக்கும் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு பெற, முன்பு மகப்பேறு நலச் சட்டம் இடம் தந்தது போலவே, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இடம் தருகிறது. மணலியிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பல பெண்கள் இதை அறியாமல் நான்காம் நாளே ஷிப்ட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கேட்க விரும்பாதவர்களைப் பற்றி. வந்தவர்களில் அவர்கள்தாம் அதிகம், அவர்களைப் பற்றி நான் இன்னும் அக்கறையோடு பேச விரும்புகிறேன். வேண்டாம் என்று தீர்மானித்து வந்த பெண்ணுக்கு அது எங்கே போகிறது என்று விளக்குவது உதவி ஆகாது. வீட்டுப் பெரியவர்கள் சிலர், "கடைசியா ஒரு தடவ பாத்துடு, இல்லன்னா மனசுல நிக்கும்" என்று துணியை விலக்கிக் காட்ட முயல்வார்கள். வேறு சிலர் பார்க்க ஆசைப்படும் பெண்ணை, பார்த்தால் அடுத்த குழந்தைக்கு ஆகாது என்று தடுப்பார்கள். இரண்டும் தவறு. கருக்கலைப்புக்குப் பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும், கணவரின் கையெழுத்து தேவையில்லை என்பது சட்டம். அதே அளவுகோலை இதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்; ஆகவே கணவர் வீட்டார் கருவைக் கேட்டு, அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், வேண்டாம் என்பதுதான் நிற்க வேண்டும்.

அவருடைய பெயர் வெளியே போகக் கூடாது என்பதிலும் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் மட்டுமே பெயர் இருக்கும். அறுவை அரங்குப் பதிவேட்டிலும் மற்ற தாள்களிலும் வரிசை எண் மட்டும் இருக்க வேண்டும் என்பது கருக்கலைப்பு ஒழுங்குமுறைகளின் விதி. சம்மதப் படிவம் உறையில் இட்டு 'ரகசியம்' என்று குறித்து வைக்கப்படும். பெண்ணின் விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத எவருக்கேனும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பையோடு போகும் சான்று நகலில் பெயர் தெரியும்படி எழுதி அனுப்பியதை ஓரிடத்தில் பார்த்து, அன்றே நிறுத்தச் சொன்னேன். அண்டை வீட்டுக்காரர் கழிவு வண்டியில் வேலை செய்பவராக இருக்கக்கூடிய ஊர் இது.

இந்த ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை வடசென்னை நன்றாகவே அறியும். குப்பைத் தொட்டியில், கால்வாய் ஓரத்தில், பொதுக் கழிப்பறையில் சிசு என்று செய்தி வரும்போதெல்லாம், பயந்துபோன ஒரு பெண்ணும், அதை முதலில் கையால் தொட நேர்ந்த ஒரு தூய்மைப் பணியாளரும் அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கிறார்கள். கொடுங்கையூர்க் கிடங்கு வரை போகும் குப்பையைத் தரம் பிரிப்பவர்களுக்கு இப்படி ஒன்றைக் காண்பது ஆயுள் முழுவதும் மறக்க முடியாததாகிவிடுகிறது. குழந்தையின் பிறப்பை மறைக்கும் நோக்கத்தோடு உடலை ரகசியமாகப் புதைப்பதோ அகற்றுவதோ, அக்குழந்தை பிறப்பதற்கு முன் இறந்ததாக இருந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2024 ஜூலைக்கு முன்பு இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 318-ஆம் பிரிவாக இருந்தது. மருத்துவமனைக் கடிதத்தோடு பொது இடுகாட்டில் பட்டப்பகலில் அடக்கம் செய்வது இந்தப் பிரிவுக்குள் வராது, ஏனென்றால் அங்கே மறைப்பதற்கான நோக்கம் இல்லை. இரவோடு இரவாக வீட்டுப் பின்புறத்தில் புதைத்தால், எந்தத் தவறும் செய்யாதவர்களும் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்ல நேரிடும்.

காவல் துறை தொடர்புடைய கருக்கலைப்புகளுக்கு வழி முற்றிலும் வேறு. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண் கருவுற்றிருந்தால் போக்சோ சட்டத்தின்படி மருத்துவமனை தகவல் தெரிவித்தாக வேண்டும். கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் சிறுமியின் பெயரை அந்தத் தகவலில் வெளிப்படுத்த வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. புகார் பதிவாகியிருந்தால் கருத்திசு டி.என்.ஏ. சோதனைக்கான சான்றாகிறது. அதை, திசு கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போடக் கூடாது, போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், சலைனில், குளிர்நிலையில், முத்திரையிட்டு, பெற்றுக்கொண்ட காவலரின் கையெழுத்தோடு ஒப்படைக்க வேண்டும். பழக்கத்தில் கை தானாக ஃபார்மலின் பாட்டிலை நாடும் என்பதால், இளைய செவிலியர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். அந்தச் சிறுமியின் பெற்றோர் அடக்கம் செய்யக் கேட்டால், வழக்குக்கு அது தேவை என்பதைக் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்; பையில் போட்டுவிட்டோம் என்று பொய் சொல்லிச் சமாளிக்கக் கூடாது.

குறைபாட்டுக்காகக் கலைக்கும் குடும்பங்களுக்கும் ஃபார்மலின் விஷயம் முக்கியம். அடுத்த கருவுக்கு இதே குறை வருமா என்று அறிய மரபணுச் சோதனை செய்ய நினைத்தால், திசுவை ஃபார்மலின் படாமல் புதிதாகவே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முழுக் கருவையும் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்புவதாக இருந்தால், பிறகு அது திரும்பக் கிடைக்குமா, ஆய்வகமே அகற்றிவிடுமா என்று அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சோதனையும் வேண்டும், அடக்கமும் செய்ய வேண்டும் என்று விரும்புபவர்கள் இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுவது நல்லது.

வேறு நாடுகள் என்ன செய்கின்றன என்று தேடிப் படித்தபோது இரண்டு எதிர்த் துருவங்களைக் கண்டேன். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2016-இல் இயற்றிய சட்டம், கருக்கலைப்பு செய்யும் நிலையங்கள் கருவைப் புதைக்கவோ தகனம் செய்யவோ வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அடக்கம் செய்தாக வேண்டும் என்று அரசு எல்லோருக்கும் விதிப்பது, ஒரு பெண் தன் மனத்தில் அதை என்னவாக வைத்திருக்கிறார் என்பதை அரசே தீர்மானிப்பது போல எனக்குப் படுகிறது. பல வாரங்கள் யோசித்து முடிவெடுத்து வந்த பெண்ணின் மீது அது கூடுதல் பாரத்தை ஏற்றும். இங்கிலாந்தில் மனிதத் திசு ஆணையம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு வழியைக் காட்டுகிறது: 24 வாரத்துக்கு உட்பட்ட கருவைப் புதைப்பது, தகனம் செய்வது, தனியாக எரியூட்டுவது ஆகிய வழிகள் இருக்கின்றன என்ற தகவல் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டும், அவர் பேச விரும்பவில்லை என்றால் அதையும் மதிக்க வேண்டும் என்கிறது. நமக்குத் தேவையானது இதற்கு நெருக்கமான ஒன்று. கழிவு விதிகளின் அந்தக் குறிப்பில், பெண் எழுத்தில் கேட்டால் குடும்பத்திடம் ஒப்படைக்கலாம் என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் மருத்துவமனைகளின் பயம் போய்விடும்; பதிவுச் சட்டத்தின் 28 வாரத்தைக் கருக்கலைப்புச் சட்டத்தின் 24 வாரத்தோடு ஒத்துப்போகச் செய்தால் நடுவில் இருக்கும் அந்த நான்கு வார வெற்றிடமும் மூடப்படும்.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'சி' படிவத்தில் கை வைக்க முடியாது, ஆனால் அதோடு ஒரு தனித் தாளை இணைக்க எந்த மருத்துவமனைக்கும் தடை இல்லை. நான் கடைசியாகப் பணியாற்றிய இடத்தில் மருத்துவர் ஒப்புக்கொண்டதால் அப்படி ஒரு தாளைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்தோம். மருத்துவமனையே விதிப்படி அகற்றட்டும், அடக்கம் செய்ய எங்களிடம் தர வேண்டும், இதைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம் என்ற மூன்று வரிகளும், எதிரே ஒரு கட்டமும், கீழே பெண்ணின் கையெழுத்துக்கு மட்டும் ஓர் இடமும் அதில் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சிஸ்டர் தனியறையில் படித்துக் காட்டுவார். கூட வந்தவர்கள் அப்போது வெளியே இருக்க வேண்டும். பலர் முதல் வரியையும், சிலர் மூன்றாம் வரியையும் தேர்ந்தெடுப்பார்கள். எதையும் தொடாமல் திருப்பித் தருபவர்களிடம் மாத்திரை வைப்பதற்கு முன் ஒருமுறை மட்டும் கேட்போம். அப்போதும் பதில் வரவில்லை என்றால் முதல் வரிப்படி நடந்துகொள்வோம், மறுபடி கேட்பதில்லை.